கையளவு திரைக்கு ஒரு தினைப்புனம்

அனிமேஷனும் கேம் டிசைனும் படித்துக்கொண்டிருக்கிற, படித்துவிட்டு வேலை தேடுகிற, வேலை கிடைத்தும் மனசு ஒட்டாமல் இருக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளைகளே,

ஆர்.கே.பேட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் நீங்கள் வரைகிற படமும் எழுதுகிற நிரலும் கடைசியில் வந்து சேருகிற இடம் என் மேஜைதான். கண்ணாடி விரிந்து, பேட்டரி உப்பி, சார்ஜ் ஏறாமல் வருகிற போன்களைத் திறந்து மூடுகிறவனுக்கு, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்பது பெற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன். அதற்கு முன் மனக்குறையைக் கொட்டிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் தறி ஊர். வீட்டில் விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அப்பா தறியில் நிற்பார், அம்மா தார் சுற்றுவார், பிள்ளை மூலையில் போனோடு உட்கார்ந்திருக்கும். அந்தப் போனில் இருக்கும் விளையாட்டைத் திறந்தால் அரை நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம். விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி கடுகு அளவு. அதைத் தொடப் போய் வேறெதையோ தொட்டு, கேட்காத ஆப் ஒன்று இறங்கி, போன் நிறைந்து, கடைசியில் என்னிடம் வருகிறது. "கேமெல்லாம் எடுத்துட்டுக் குடுங்கண்ணா" என்கிறார்கள் தாய்மார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேம் என்றாலே ரம்மி என்று ஆகிவிட்டது. ரம்மியில் பணம் விட்ட குடும்பங்களைப் பற்றிக் கேள்விப்படாத தெரு எங்கள் பக்கம் இல்லை. அதற்காகவே 2023 ஏப்ரலில் தமிழக அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இன்னொன்று. பணம் கட்டி ஆடுவதைத் தடுத்தாயிற்று, நல்லது. குழந்தை சும்மா விளையாட எதைக் கொடுப்பது என்பதற்கு எந்தச் சட்டமும் பதில் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்ய நினைப்பதோ வேறு. உங்கள் ஆட்கள் பேசும் பேட்டிகளை யூடியூபில் கேட்கிறேன். சோழர் கடற்படை, பெரிய போர்க்களம், யானைப் படை, திறந்த உலகம், அன்ரியல் எஞ்சின். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. இரண்டு நிமிஷ முன்னோட்டத்தோடு பல நின்றுபோகின்றன. முடிந்து வந்தாலும் அது ஓடுகிற இயந்திரம் எங்கள் தெருவில் ஒருவரிடமும் இருக்காது. நான் கேட்க வந்தது சின்ன விஷயம். சின்னது என்பதால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேம்பாய் பற்றி நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1989ல் நிண்டெண்டோ கொண்டுவந்த கையடக்கக் கருவி. திரையில் 160க்கு 144 புள்ளி, பாசி படிந்தது போன்ற நான்கு சாயல், நான்கு பென்டார்ச் கட்டை. நாங்கள் அதைக் கண்ணால் கண்டதில்லை. எங்களுக்குக் கிடைத்தது ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் கடை போடுகிறவர்கள் விற்ற பிரிக் கேம். காவடி ஒரு பக்கம் போகும், நாங்கள் இன்னொரு பக்கம் செங்கல் அடுக்கிக்கொண்டிருப்போம். 9999 விளையாட்டு என்று மேலே அச்சடித்திருக்கும், உள்ளே எண்ணிப் பார்த்தால் பத்துகூடத் தேறாது. அது கிடக்கட்டும். அந்தக் கேம்பாயில் டிஸ்னி படங்களை இறக்கியவர்கள் செய்த வேலையை நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

'ஜங்கிள் புக்' படம் 1967ல் வந்தது. ஓவியர்கள் கையால் வரைந்து, நிறம் தீட்டி, பாட்டோடு எடுத்த படம். 1994ல் அதே படம் கேம்பாய்க்கு வந்தபோது நிறம் போய்விட்டது. பாட்டின் வார்த்தைகள் போய், வெறும் பீப் மெட்டு மிஞ்சியது. பகீராவின் குரல் இல்லை, ஷேர்கானின் நடை இல்லை. மொத்த விளையாட்டும் சில நூறு கேபிக்குள் அடங்க வேண்டும். காலையில் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரோஜாப்பூப் படம் ஒன்று அவ்வளவு இருக்கும். இத்தனையும் கழித்த பிறகு என்ன மிச்சம் வைப்பது? விழுது பிடித்துத் தாவுகிற, வாழைப்பழத்தை எறிகிற ஒரு பையனை மிச்சம் வைத்தார்கள். அதுவே மவுக்லி என்று குழந்தைக்குப் புரிந்தது. 'அலாவுதீன்' கேம்பாய்க்கு வந்தபோது மிஞ்சியவன், ஆப்பிள் எறிந்து ஓடும் சந்தைத் திருடன். 'லயன் கிங்' 1994ல் வந்தது. அதில் சிம்பா முதலில் குட்டி, எதிரிமேல் குதிக்கத்தான் முடியும், சின்னதாக உறுமலாம். பின் மட்டங்களில் வளர்ந்த சிங்கமாகி நகத்தால் அறைகிறான். குட்டி ராஜாவாகும் கதையைப் பொத்தானின் வலுவை மாற்றியே சொல்லிவிட்டார்கள். வசனம் தேவைப்படவில்லை.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்கிறேன். ஒரு படத்தைக் கைத்திரைக்குக் கொண்டுவருகிறவர், அந்தக் கதையில் யார் என்ன செய்கிறார் என்று கேட்டு, அதில் ஒரே ஒரு செயலைப் பிடித்துக்கொள்கிறார். மற்றதையெல்லாம் விடத் துணிகிறார். 1937ல் வந்த 'ஸ்னோ ஒயிட்' 2001ல் கேம்பாய் கலருக்கு வந்தது. 64 வருஷத்துக்கு முந்தைய படத்தைத் தூசி தட்டி எடுத்து ஒரு குழந்தையின் உள்ளங்கையில் வைக்க அவர்களுக்குக் கூச்சமில்லை. அந்த விளையாட்டுகளில் பல சுமார்தான், பணத்துக்காக அவசரமாகச் செய்தவையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய கதையை அடுத்த தலைமுறையின் கருவிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பழக்கம் அவர்களிடம் இருந்தது. நம்மிடம் அது தெருக்கூத்தோடு நின்றுவிட்டது.

பணம் எப்படி விளையாட்டைக் கோணலாக்கும் என்பதற்கும் அதே 'லயன் கிங்' சாட்சி. இரண்டாவது மட்டத்தில் குரங்குகள் சிம்பாவைத் தூக்கித் தூக்கி எறியும். அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் அழுத பிள்ளைகள் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் அப்போது கேசட் கடைகளில் கேமையும் வாடகைக்கு விடுவார்கள். வாடகைக்கு எடுத்தவர் ஓரிரு நாளில் முடித்துவிட்டால் அப்புறம் யார் விலைக்கு வாங்குவது? அதனால்தான் ஆரம்பத்திலேயே அவ்வளவு கடினமாக்கினோம் என்று, அதை முதலில் வடிவமைத்த வெஸ்ட்வுட் நிறுவனத்தின் லூயிஸ் காஸில் பின்னாளில் சொன்னார். அன்றைக்குக் குரங்கு, இன்றைக்குக் கடுகளவு பெருக்கல் குறி. குழந்தை தோற்பதில் யாருக்கோ லாபம் இருக்கிறதென்றால் அந்த இடத்தில் விளையாட்டு கெட்டுப்போகிறது. உங்கள் முதல் விளையாட்டிலாவது அந்த லாபக்காரர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கதை இருக்கிறது. என் வேண்டுகோளுக்கு அதுதான் அடிப்படை. 1981ல் நிண்டெண்டோ ஒரு சின்ன எல்சிடி கருவி விட்டது. நான்கு மூலைகளில் கோழிகள், சரிவில் உருண்டு வரும் முட்டைகள், நடுவில் கூடையோடு மிக்கி மவுஸ். எந்தப் பக்கம் முட்டை விழப்போகிறதோ அந்தப் பக்கம் திரும்பிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். சோவியத் ரஷ்யாவில் இதைப் பார்த்தார்கள். 1984ல் எலெக்ட்ரோனிகா என்ற பெயரில் அச்சு அசலாக நகல் எடுத்தார்கள். ஆனால் அவர்கள் கருவியில் மிக்கி இல்லை. அவர்களுடைய சோயுஸ்முல்ட்ஃபிலிம் ஸ்டூடியோ 1969 முதல் எடுத்துவந்த 'நூ, பகாதீ' என்ற கார்ட்டூனில் முயலைத் துரத்தித் துரத்தித் தோற்கும் ஓநாய் ஒன்று உண்டு. கூடையை அந்த ஓநாயின் கையில் கொடுத்தார்கள். விலை 25 ரூபிள். சோவியத் பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு விடிய விடிய ஆடினார்கள். ஆயிரம் முட்டை பிடித்தால் திரையில் கார்ட்டூன் படமே ஓடும் என்று ஒரு புரளி வேறு. அப்படி எதுவும் ஓடவில்லை. இருந்தாலும் ஆயிரத்தைத் தொடப் போராடினார்கள்.

நகல் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அனுமதி இல்லாமல் செய்தது தப்புதான். அவர்கள் செய்ததில் எடுத்துக்கொள்ள வேண்டியது, நடுவில் நிற்கிற ஆளை மாற்றியது. இயந்திரத்தின் உள்ளே இருந்தது சில நிழல் படங்களும் பேட்டரியும்தான். வெளியூர் எலிக்குப் பதில் தங்கள் வீட்டு ஓநாயை நிறுத்தியதும் அது அவர்களுடைய விளையாட்டு ஆகிவிட்டது.

நம்மிடம் ஆள் இல்லையா என்ன? பென்டாமீடியா சென்னையில் இருந்துகொண்டு 2000லேயே 'பாண்டவாஸ்' என்று முழுநீள முப்பரிமாண அனிமேஷன் எடுத்தது. 2007ல் தமிழில் 'இனிமே நாங்கதான்' வந்தது. 2014ல் 'கோச்சடையான்' வந்தபோது கூடவே 'ரெய்ன் ஆஃப் ஆரோஸ்' என்று கைபேசிக்கு வில்வித்தை விளையாட்டும் வந்தது. தமிழ்ப் படத்திலிருந்து கைத்திரைக்கு இறங்கியதில் எனக்குத் தெரிந்து அதுதான் பெரிய பெயர். ரஜினி முகம் இருந்ததால் எங்கள் பையன்கள் இறக்கினார்கள். முகத்துக்காக இறக்கினதை அடுத்த முகம் வந்ததும் அழித்தார்கள். அதற்கு முன்பே 2009ல் ஹைதராபாத்காரர்கள் 'தேசி அட்டா' என்று சோனி பிஎஸ்பி கருவிக்குக் கபடி, கிட்டிப்புள், காற்றாடி எல்லாம் சேர்த்து ஒரு விளையாட்டு செய்தார்கள். நல்ல யோசனை. ஆனால் பிஎஸ்பி வாங்குகிற வீட்டுப் பிள்ளை கிட்டிப்புள் ஆடாது, கிட்டிப்புள் ஆடுகிற பிள்ளையிடம் பிஎஸ்பி இருக்காது. யார் கைக்குப் போகும் என்று யோசிக்காமல் செய்தால் இப்படித்தான் ஆகும்.

இப்போது என் வேண்டுகோள். வள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் வள்ளியை யாரும் கதையில் தேட வேண்டியதில்லை. சோளிங்கர் தாண்டிப் போனால் வள்ளிமலை. இந்தப் பக்கம் வந்தால் அவளை மணந்த முருகன் குடியிருக்கும் திருத்தணி. நடுவில் நாங்கள் இருக்கிறோம். வள்ளி திருமண நாடகம் போட்டால் இப்போதும் விடிய விடிய உட்காரும் கிழவிகள் உண்டு. அந்தக் கதையில் வள்ளி என்ன செய்கிறாள்? தினைப்புனத்தில் பரண்மேல் நிற்கிறாள். கிளி வருகிறது, குருவி வருகிறது, மயில் வருகிறது. ஆலோலம் பாடிக் கவண் கல் எறிந்து விரட்டுகிறாள். நான்கு பக்கமும் பறவை, நடுவில் ஒரு பெண், கையில் கவண். நிண்டெண்டோ மண்டையை உடைத்துக் கண்டுபிடித்து, சோவியத்காரர்கள் நகலெடுத்த அதே அமைப்பு எங்கள் பாட்டிமார் கதையில் முழுசாக இருக்கிறது. நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

அதோடு நின்றால் அது முட்டை பிடிக்கும் விளையாட்டுதான். வள்ளி கதையில் அடுத்தடுத்த மட்டமும் தயாராக இருக்கிறது. முதலில் வேடன் வேஷத்தில் முருகன் வந்து பேச்சுக் கொடுப்பான். அவன் பேச்சுக்குக் காது கொடுத்தால் கிளி தினையைத் தின்றுவிடும், கொடுக்காவிட்டால் கதை நகராது. சட்டென்று வள்ளியின் அப்பா நம்பிராசன் ஆட்களோடு வந்ததும் அவன் வேங்கை மரமாக நிற்பான். அந்த மரத்தின் நிழலிலும் பறவை ஒளியும். பிறகு கிழவன் வருவான், தேனும் தினைமாவும் கேட்பான், விக்கல் எடுக்கும், தண்ணீர் கேட்பான். ஒரு கை கவணில், ஒரு கை செம்பில். கடைசியில் யானை. யானைமேல் கல் எறியலாமா கூடாதா என்பதை விளையாடுகிறவரே முடிவு பண்ணட்டும். எறிந்தால் என்ன நடக்கும் என்று நீங்கள் யோசித்து வையுங்கள், எனக்குச் சில யோசனை இருக்கிறது, கடைக்கு வந்தால் சொல்கிறேன். பொறுமை, சந்தேகம், பயம், கேலி எல்லாம் ஒரே விரலுக்குள் வந்துவிடும். குட்டிச் சிங்கத்தை ராஜாவாக்கியவர்களுக்கு நீங்கள் ஒரு அடிகூடப் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு சௌகரியம், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். 1894ல் கிப்ளிங் எழுதிய புத்தகம் இன்று எல்லாருக்கும் பொது, ஆனால் டிஸ்னி வரைந்த பாலு கரடியை நீங்கள் தொட முடியாது. வள்ளிக்கு அப்படி ஒரு கம்பெனிக்காரர் கிடையாது. சாமி விஷயத்தைத் தொடலாமா என்று சிலர் பயப்படுவீர்கள் என்பதும் தெரியும். 2009ல் பிளேஸ்டேஷன் 2க்கு 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தபோது, கடவுளைக் கையில் பிடிக்கும் பொத்தானால் ஆட்டிவைப்பது அவமதிப்பு என்று அமெரிக்காவிலுள்ள இந்து அமைப்பொன்றின் தலைவர் எதிர்ப்புத் தெரிவித்தார். ஜப்பானியர் யூகோ சாகோ ராமாயணத்தை அனிமேஷனாக்கக் கிளம்பியபோதும், ராமனைக் கார்ட்டூனாக்குவதா என்று இங்கே சத்தம் கிளம்பியது. படம் வந்த பிறகு அதே படத்தைத் தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். நம் ஊரில் கூத்துக் கட்டுகிறவர் கிரீடம் வைத்ததும் சாமி, கழற்றியதும் பீடி பற்றவைக்கிறார். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். முருகனை நம் பொத்தானுக்கு அடிமையாக்க வேண்டாம். வள்ளியை மட்டும் நாம் இயக்குவோம், அவர் தன் இஷ்டத்துக்கு வந்து போகட்டும். கதையிலும் அப்படித்தானே வருகிறார்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட பேச்சு. இதை நீங்கள் எந்தக் கல்லூரியிலும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

சத்தத்தை நம்பாதீர்கள். தறி ஓடும் வீட்டில் உங்கள் பின்னணி இசை யார் காதிலும் விழாது. கிளி வருவதைக் குரலில் மட்டும் சொன்னால் எங்கள் பிள்ளை தோற்றுப்போகும், அதனால் தினைக்கதிர் அசைவதைக் காட்டுங்கள். கரண்ட் போனதும் தறி நின்று வீடே அமைதியாகும், அப்போதுதான் உங்கள் ஆலோலம் கேட்கும். அதற்காகவும் ஒன்றைப் பாடி வையுங்கள்.

எங்கள் போன்களில் கண்ணாடி உடைவது பெரும்பாலும் மூலையில். உடைந்த மூலையில் தொடுதிரை செத்துப்போகும். கீழ்மூலையில் பொத்தான் வைத்தீர்களானால் பாதிப் பிள்ளைகளால் விளையாட முடியாது. திரையின் நடுப்பகுதியில் எங்கே தொட்டாலும், விரலை எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கம் கல் போகிற மாதிரி செய்யுங்கள். போன் அப்பாவுடையது, அக்காவுக்கு வந்து, தம்பிக்கு இறங்கியது. 2 ஜிபி ராம் இருந்தால் அதிர்ஷ்டம். சில வீட்டில் அது இன்னும் அப்பாவின் போன்தான், பாதி விளையாட்டில் அவருக்கு அழைப்பு வரும், பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். திரும்பிக் கையில் வரும்போது விட்ட இடத்திலேயே வள்ளி நிற்க வேண்டும். டேட்டா முடிந்திருக்கும், ஆகவே நெட் இல்லாமல் ஓட வேண்டும். ஒரு சாயங்காலத்தில் முடிகிற மாதிரி இருக்க வேண்டும். முடிவில்லாமல் இழுக்கிற விளையாட்டைக் கண்டுதான் தாய்மார்கள் பயப்படுகிறார்கள். "முடிஞ்சிருச்சும்மா" என்று பிள்ளையே போனைத் திருப்பிக் கொடுக்கிற விளையாட்டை அவர்கள் இதுவரை பார்த்ததில்லை.

மொழியிலும் கொஞ்சம் தயவு வையுங்கள். எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் பேச்சு தெலுங்கு, பள்ளியில் படிப்பு தமிழ், கடையில் இரண்டும். 1960 ஏப்ரலில் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, வீட்டுப் பேச்சு எல்லைக் கோடு பார்த்து மாறவில்லை. செந்தமிழில் வசனம் எழுதி எங்கள் பிள்ளைகளைக் கூச வைக்காதீர்கள். நம்பிராசன் எங்கள் ஊர் மாமா மாதிரி அதட்டட்டும். எழுத்துரு விஷயம் உங்களுக்கே தெரியும். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஆங்கில எழுத்து உட்கார்ந்துவிடும். நம்முடைய ணகரமும் ஞகரமும் உட்காராது, சுழியெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்பாகிவிடும். எட்டுக்குப் பதினாறு எடுத்து, அகலமான எழுத்துக்கு இரண்டு கட்டம் கொடுத்துப் பாருங்கள். இது ஒரு பெரிய வேலை என்று மலைத்தால் எங்கள் ஊருக்கு வாருங்கள். சேலைக் கரைக்குக் கட்டத் தாளில் பூப்போடும் டிசைனரிடம் உங்களை உட்காரவைக்கிறேன். எந்தக் கட்டத்தை நிரப்பினால் மயிலுக்குக் கழுத்து வரும், எந்தக் கட்டத்தை விட்டால் வளையும் என்று அவருக்குக் கணினி இல்லாமலே தெரியும். நீங்கள் பிக்ஸல் என்று சொல்வதை அவர் நூலில் செய்துகொண்டிருக்கிறார்.

சின்னதாகச் செய்தால் உலகம் மதிக்காது என்று உங்களில் யாராவது நினைத்தால் 'வெண்பா'வைப் பாருங்கள். டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்டது. 1980களில் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் புத்தகம், இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்யும் முறை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நிண்டெண்டோ ஸ்விட்சில், அதாவது அந்தக் கேம்பாயின் பேரப்பிள்ளையில் ஓடுகிறது. 2024ல் பிரிட்டனின் பாஃப்டா அறிமுக விளையாட்டு விருதை வாங்கியது. அதில் போரும் இல்லை, அரசனும் இல்லை. இட்லித் தட்டில் ஓட்டை எந்த வரிசையில் வர வேண்டும் என்பதே ஒரு புதிர். அதை இங்கிருந்து யாரும் ஏன் செய்யவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. டொராண்டோவில் இருப்பவருக்கு இட்லித் தட்டு ஞாபகம் வருகிறது, தட்டை வீட்டில் வைத்திருக்கிற நாம் டிராகன் வரைந்துகொண்டிருக்கிறோம்.

டிராகன் வரைவது உங்கள் விருப்பமில்லை, சம்பளம் என்பீர்கள். சரி. வெளிநாட்டுப் படத்துக்குக் கம்பி அழித்து, பின்னணி சேர்த்து, மாலை வீட்டுக்குப் போகும் வேலைதான் உங்களில் பலருக்குக் கிடைக்கிறது என்று தெரியும். அந்த வேலையும் எவ்வளவு நாள்? 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் நிறுவனம் மூடப்பட்டபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகள் இல்லாமலா இருப்பார்கள்? ஊரான் படத்துக்கு வரைந்த எதுவும் அவர்கள் கையில் இல்லை. முழுசாகத் தானே செய்து முடித்த சின்ன விளையாட்டு ஒன்று கையில் இருந்தால் அடுத்த வாசலில் அதைக் காட்டலாம். வள்ளியால் உங்களுக்கு வருமானம் வரும் என்று நான் ஆசை காட்டவில்லை. வராது. வேலை தெரியும் என்பதற்கு அத்தாட்சியாக இருக்கும். செலவும் பெரிதாக இல்லை. நிரல் எழுதத் தெரியாதவரும் கேம்பாய் விளையாட்டு செய்ய 2019 முதல் ஜிபி ஸ்டூடியோ என்ற இலவசக் கருவி இருக்கிறது, நிரல் தெரிந்தவருக்குக் கோடோ இருக்கிறது. உங்களிடம் உள்ள பழைய லேப்டாப்பே போதும்.

முடித்ததும் பூட்டி வைக்காதீர்கள். 2023ல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கணக்கெடுத்ததில், 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. அலாவுதீனும் லயன் கிங்கும் 2019லும், ஜங்கிள் புக் 2021லும், கேம்பாய் வடிவத்தோடு சேர்த்து மறுபடி விற்பனைக்கு வந்தன. பின்னால் டிஸ்னி இருந்ததால் பிழைத்தன. வள்ளிக்குப் பின்னால் யார் இருப்பார்கள்? ஆகவே படம், நிரல், மெட்டு எல்லாவற்றையும் திறந்து போட்டுவிடுங்கள். நாளைக்கு மதுரைப் பிள்ளை ஒருத்தி அதை எடுத்து அழகர் ஆற்றில் இறங்கும் விளையாட்டாக மாற்றட்டும். யாழ்ப்பாணத்தில் ஒருவன் பறவைக்குப் பதில் வேறெதையோ விரட்டட்டும். எல்லைக்கு அந்தப் பக்கத்து நகரிக்காரர்கள் தெலுங்கில் பேச வைக்கட்டும், அது எங்களுக்கும் உதவும்.

ஆக, கேட்பது இவ்வளவே. மூன்று நான்கு பேர் சேருங்கள். ஒருவர் வரையட்டும், ஒருவர் நிரல் எழுதட்டும், ஒருவர் நாடகக்காரர்களிடம் உட்கார்ந்து வள்ளி எப்படி நிற்பாள், எப்படித் திரும்புவாள் என்று பார்த்துவரட்டும். அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு முன் ஒரு மட்டம், ஒரே ஒரு மட்டம், கிளி மட்டும் வருகிற மட்டம் முடித்து அனுப்புங்கள். ஏபிகே கோப்பு 30 எம்பிக்குள் இருக்கட்டும். என் கடையில் பழசும் புதுசுமாக எந்தக் கம்பெனிப் போனும் கிடக்கும், மூலை உடைந்ததும் சேர்த்து. எதில் ஓடுகிறது, எதில் திக்குகிறது, எதில் சூடாகிறது, பிள்ளைகள் எந்த இடத்தில் சலித்து எழுந்து போகிறார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதி அனுப்புகிறேன். ரிப்பேருக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் நானே ஏற்றிக் கொடுக்கிறேன். தாய்மார்களிடம் பேசுவதையும் என்னிடம் விட்டுவிடுங்கள்.